அரிய நோயும் அருகிலுள்ள துணையும்

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது

கிராம சுகாதாரம் என்றதும் குடிநீர், கழிவுநீர் வாய்க்கால், கொசு ஒழிப்பு, தடுப்பூசி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை ஊர் முழுவதையும் பற்றிய காரியங்கள். வாந்திபேதியோ மலேரியாவோ தோன்றினால் எல்லாத் தெருக்களுக்கும் ஆபத்து. ஆகவே அதைத் தடுக்க எல்லோரும் முன்வருகிறார்கள். ஆனால் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் வரும் நோய்களும் உள்ளன. அவற்றின் பெயரைக்கூட அண்டை வீட்டார் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அவற்றைப் பாடநூலில் படித்திருப்பாரேயன்றி, அத்தகைய நோயாளியை நேரில் கண்டிருப்பது அரிது. அந்த வீட்டார் மட்டும் தனியே நின்று போராடுகிறார்கள்.

இத்தகைய குடும்பங்களுக்கு மருத்துவரும் மருந்தும் தேவை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். அவற்றோடு இன்னொரு துணையும் இன்றியமையாதது. பட்டணத்து மருத்துவமனை சொல்வதைக் குடும்பத்துக்குப் புரியவைத்து, குடும்பத்தின் நிலையை மருத்துவமனைக்கு எடுத்துரைத்து, இரண்டையும் இணைத்து வைக்கும் பயிற்சி பெற்ற செவிலியரே அத்துணை. பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தியில் குறையுள்ள குழந்தைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வகை நோய்களுள் ஒன்று விவசாயக் குடும்பங்களுக்கு மிக நெருங்கிய தொடர்புடையது. காரணம், நாம் பொன்னாகப் போற்றும் மக்கிய எருவே அந்நோயுள்ள குழந்தைக்கு நஞ்சாக முடியக்கூடும்.

நோயின் இயல்பு

இந்நோயை மருத்துவர்கள் 'க்ரானிக் கிரானுலோமேட்டஸ் நோய்' என்பர், சுருக்கமாக சி.ஜி.டி. எனப்படும். நாட்பட்ட குறுமணிக் கட்டி நோய் என்று தமிழில் கூறலாம்.

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் உடலின் காவலாளர்கள். புண் வழியாகவோ மூச்சு வழியாகவோ கிருமி உள்ளே புகுந்தால், சில வெள்ளை அணுக்கள் விரைந்து சென்று அதை விழுங்குகின்றன. விழுங்கியபின் அதைக் கொல்வதற்கு ஒருவகை இரசாயனப் பொருளைத் தமக்குள்ளேயே உண்டாக்குகின்றன. புண்ணைக் கழுவும்போது நுரைத்துப் பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் திரவத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே பொருள்தான் இவ்வணுக்களுக்குள்ளும் உண்டாகிறது.

சி.ஜி.டி. உள்ள குழந்தைக்கு வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையில் குறைவில்லை. அவை கிருமியைத் தேடிச் செல்லவும் செய்கின்றன, விழுங்கவும் செய்கின்றன. ஆனால் கொல்லும் பொருளை உண்டாக்கும் திறன் மட்டும் பிறவியிலேயே அவற்றுக்கு இல்லை. காவலாள் கள்வனைப் பிடித்துவிட்டான். கையில் ஆயுதம் இல்லை என்பது போன்ற நிலை இது. உள்ளே சென்ற கிருமி சாகாமல் பெருகுகிறது. அதை அடக்க மேலும் மேலும் அணுக்கள் வந்து சூழ்கின்றன. அவ்வாறு திரண்டு இறுகிய குறுமணி போன்ற கட்டிகளே நோய்க்குப் பெயர் தந்தன. இக்கட்டிகள் இரைப்பையின் வாயிலையோ சிறுநீர்ப் பாதையையோ அடைத்துக்கொள்வதும் உண்டு.

எல்லாக் கிருமிகளும் இக்குழந்தைகளைத் தாக்குவதில்லை. சளி, அம்மை போன்ற வைரஸ் நோய்களை இவர்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே தாங்குகிறார்கள். சீழ் உண்டாக்கும் சில பாக்டீரியாக்களும், மக்கிய பொருள்களில் வளரும் பூஞ்சக் காளான்களுமே இவர்களுக்குப் பகை. நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கட்டிகள், தோல், எலும்பு ஆகிய இடங்களில் சீழ் கோத்துக்கொள்கிறது. ஒன்று ஆறுவதற்குள் மற்றொன்று தோன்றுகிறது.

1954-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மருத்துவர்கள் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதத் தொடங்கினர். 1957-இல் மின்னசோட்டா மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தபோது, உயிரைக் கொள்ளும் குழந்தை நோய் என்றே பெயரிட்டனர். வெள்ளை அணுக்கள் விழுங்கியும் கொல்ல முடியாமையே காரணம் என்பது 1960-களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. அன்று பத்து வயதைத் தாண்டிய குழந்தைகள் சிலரே. இன்று முறையான சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பெரும்பாலோர் வளர்ந்து ஆளாகிறார்கள்.

குடும்பத்தில் வருவது எப்படி?

இது தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்பதாலோ ஒரே பாயில் படுப்பதாலோ பரவாது. பெற்றோரிடமிருந்து மரபு வழியாக வருவது.

இருவகையாக இது வரலாம். முதல் வகையில் குறையுள்ள மரபணு தாயிடம் மறைந்திருக்கும். அத்தகைய தாய்க்குப் பிறக்கும் ஆண் குழந்தை ஒவ்வொருவருக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பெண் குழந்தை ஒவ்வொருவருக்கும் தாயைப் போல மரபணுவைச் சுமப்பவராக இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இரண்டாம் வகையில் தாய், தந்தை இருவரிடமும் குறை மறைந்திருக்கும். அப்போது ஆணாயினும் பெண்ணாயினும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

மேல்நாடுகளில் முதல் வகையே மிகுதி. இந்தியாவிலோ பல மருத்துவமனைகள் சேர்ந்து 236 நோயாளிகளைப் பற்றி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகையே மிகுந்து காணப்பட்டது. நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் இரண்டாம் வகைக்கு இடம் கொடுப்பது. நம் மாநிலத்தில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை என்று 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. அத்தை மகனையோ தாய்மாமனையோ மணந்த எல்லோருக்கும் இந்நோய் வரும் என்பது இதன் பொருளன்று. மிகப் பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஆயினும் ஒரு குழந்தைக்கு நோய் கண்ட வீட்டில், அடுத்த திருமணத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் முன் ஆலோசனை பெறுவது அவசியம்.

மேல்நாடுகளில் ஏறத்தாழ 2 லட்சம் பிறப்புக்கு ஒரு குழந்தை இந்நோயோடு பிறப்பதாகக் கணக்கிடுகின்றனர். நம் மாநிலத்தில் ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ 8 லட்சம். அதே கணக்கு இங்கும் பொருந்துமானால், ஆண்டுக்கு நான்கு குழந்தைகள். ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளில் அந்த நான்கு வீடுகள் எங்கே இருக்கின்றன என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவேதான் எல்லா ஊராட்சிகளும் இதை அறிந்திருக்க வேண்டியிருக்கிறது.

மருந்து உண்டு; மருந்து மட்டும் போதாது

நோயைக் கண்டறியச் சிறிதளவு இரத்தம் போதும். வெள்ளை அணுக்களுக்கு அந்தக் கொல்லும் திறன் உண்டா என்பதைச் சாயப் பொருளைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிடுகிறார்கள். இரத்தம் எடுத்தவுடன் காலம் தாழ்த்தாமல் சோதித்தாக வேண்டும். ஆகவே குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே நல்லது.

சிகிச்சையின் அடிப்படை எளியது. பாக்டீரியாவைத் தடுக்க கோட்ரைமாக்சசோல், காளானைத் தடுக்க இட்ராகோனசோல் என்னும் இரு மருந்துகளையும் நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். நோய் வந்தபின் தின்னும் மருந்துகளல்ல இவை. வராமல் இருக்கத் தின்பவை. சில நாடுகளில் இன்டர்ஃபெரான் காமா என்னும் ஊசியும் சேர்த்துப் போடப்படுகிறது. அதன் விலை அதிகம். நோயை அடியோடு நீக்க வழி, எலும்பு மச்சை மாற்று சிகிச்சை. பொருந்திய உடன்பிறந்தாரிடமிருந்தோ பிறரிடமிருந்தோ பெற்ற மச்சையைச் செலுத்தினால், புதிய வெள்ளை அணுக்கள் ஆயுதத்தோடு பிறக்கின்றன. தேர்ந்த இடங்களில் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆயினும் ஆபத்து இல்லாத சிகிச்சை அன்று.

இவ்வளவும் மருத்துவமனையில் மருத்துவர் கால் மணி நேரத்தில் சொல்லிவிடக்கூடியவை. ஆனால் குடும்பம் ஊர் திரும்பியபின் எழும் கேள்விகள் அநேகம். குழந்தை இப்போது ஆரோக்கியமாகத்தானே இருக்கிறான், மாத்திரையை நிறுத்தினால் என்ன? இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் அடிக்கிறதே, காலைவரை பார்க்கலாமா? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா? களத்து மேட்டில் விளையாட விடலாமா? அடுத்த குழந்தை பெறலாமா? மாமியார் தன்னைக் குறை கூறுகிறாரே, உண்மையில் தன்னால்தான் வந்ததா?

இக்கேள்விகளுக்கு உரிய நேரத்தில் விடை கிடைக்காமற்போனால், நல்ல மருந்து இருந்தும் குழந்தையை இழக்க நேரிடுகிறது. இந்நோயில் காய்ச்சல் சிறிதாகத் தோன்றும். உள்ளே நுரையீரலில் காளான் பரவியிருக்கும். இரண்டு நாள் காத்திருந்து பார்ப்போம் என்பதற்கு இங்கே இடமில்லை.

இங்கிலாந்தில் கண்ட வழி

இங்கிலாந்தில் 1990-களின் தொடக்கத்தில், இந்நோயுள்ள குழந்தைகளின் பெற்றோரும் மருத்துவரும் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டியதோடு, குடும்பங்களுக்குத் துணை நிற்கும் தனிச் செவிலியர் பணிக்கும் அச்சங்கம் பொருளுதவி செய்தது. லண்டனில் 1852-இல் நிறுவப்பட்ட கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையும், நியூகாசில் நகர மருத்துவமனையும் அந்நாட்டில் இத்தகைய குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் பெரிய இடங்கள். நோயாளிகளோ நாடெங்கும் சிதறிக் கிடப்பவர்கள். ஆகவே சிறப்புச் செவிலியரின் வேலை மருத்துவமனைச் சுவருக்குள் முடிவதில்லை.

அத்தகைய செவிலியர் செய்யும் பணிகளை ஒவ்வொன்றாகக் கவனித்தல் பயனுடையது.

முதலாவது, புரியவைத்தல். நோயின் பெயரைக் கேட்ட அன்று பெற்றோர் மனம் கலங்கியிருக்கும். மருத்துவர் சொன்னதில் பாதி காதில் ஏறாது. செவிலியர் உடன் உட்கார்ந்து, படம் வரைந்து காட்டி விளக்குகிறார். சில நாள் கழித்து மறுபடியும் சொல்கிறார். தாய்க்கு மட்டுமன்றித் தந்தைக்கும், பாட்டன் பாட்டிக்கும் சொல்கிறார்.

இரண்டாவது, தொலைபேசியில் கிடைப்பது. காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வியே எழக்கூடாது. குடும்பத்தின் கையில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணில் பேசுபவருக்குக் குழந்தையின் பெயரும் வரலாறும் தெரியும். "இப்போதே புறப்படுங்கள்" என்றோ, "இதற்குப் பயம் வேண்டாம், காலையில் இரத்தம் பார்க்கலாம்" என்றோ அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு விலையில்லை.

மூன்றாவது, உள்ளூர் மருத்துவருக்கு வழிகாட்டுதல். நோயின் பெயர், தினசரி மருந்துகள், காய்ச்சல் வந்தால் உடனே செய்யவேண்டியவை, யாரைக் கேட்கவேண்டும் என்பன அடங்கிய ஒரு கடிதத்தைக் குடும்பம் எப்போதும் கையில் வைத்திருக்கச் செய்கிறார். நோயைக் கண்டறியாத புது மருத்துவர் ஒருவர் முன் நள்ளிரவில் நிற்கும் தாய்க்கு அக்கடிதமே வாய்.

நான்காவது, வீட்டையும் பள்ளியையும் பார்த்தல். சுவரில் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடித்திருக்கிறதா, தோட்டத்தில் மக்குக் குவியல் இருக்கிறதா என்று கவனிக்கிறார். பள்ளி ஆசிரியரிடம், இந்நோய் ஒட்டாது, பிள்ளை எல்லோருடனும் விளையாடலாம், ஆனால் தோட்ட வேலையில் மண்ணும் மக்கும் கிளறவேண்டாம் என்று சொல்லி வைக்கிறார்.

ஐந்தாவது, தாயைக் கவனித்தல். மரபணுவைச் சுமக்கும் பெண்கள் ஆரோக்கியமானவர்கள் என்று நெடுநாள் எண்ணியிருந்தனர். அவர்களுள் பலருக்கு வாய்ப்புண், வெயில் பட்டால் தோலில் தடிப்பு, மூட்டுவலி, ஓயாத சோர்வு ஆகியவை உண்டு என்பது பின்னர் தெரியவந்தது. குழந்தையின் நோயே பெரிதாகத் தோன்றுவதால் தாய் தன் தொல்லையைச் சொல்வதில்லை. கேட்பதற்கு ஒருவர் இருந்தால் சொல்கிறாள்.

ஆறாவது, வளர்ந்த பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைத்தல். பதினாறு, பதினெட்டு வயதில் தாய் கொடுத்த மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்ளும் பழக்கம் வரவேண்டும். நன்றாயிருக்கிறோம் என்ற துணிவில் மருந்தை விட்டுவிடும் வயதும் அதுதான். பிள்ளையோடு தனியே பேசி அதைத் தாண்டச் செய்வதும் செவிலியர் பணியே.

எருக்குழியும் குழந்தையும்

அந்நாட்டில் தோட்டத்து மக்குக் குவியலைப் பற்றிச் செவிலியர் எச்சரிக்கிறார் என்றேன். நம் கிராமத்தில் இந்த எச்சரிக்கைக்கு இன்னும் விரிந்த பொருள் உண்டு.

மக்கிய எருவிலும், ஈரம் பட்ட வைக்கோலிலும், பழைய தழைக்கூளத்திலும், பூசணம் பிடித்த தானியத்திலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் காளான் வளர்கிறது. எருவைக் கிளறும்போது அதன் நுண்ணிய வித்துக்கள் புகைபோல் எழும்புகின்றன. நாம் அனைவரும் அதை மூச்சில் இழுக்கிறோம். நம் வெள்ளை அணுக்கள் அதைக் கொன்றுவிடுகின்றன. சி.ஜி.டி. உள்ள குழந்தை அதே காற்றை இழுத்தால், சில நாட்களுக்குள் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் கண்டு, நுரையீரல் முழுவதும் பாதிக்கப்படக்கூடும். எரு கிளறியதன்பின் இவ்வாறு திடீரென்று வரும் நிலை மருத்துவ நூல்களில் தனியே குறிக்கப்பட்டுள்ளது.

எருக்குழி வெட்டுங்கள், குப்பையை மக்க வையுங்கள், மண்ணுக்கு உரமிடுங்கள் என்று இப்பத்திரிகையும் வட்டார அலுவலகமும் இடைவிடாது பிரசாரம் செய்துவருகின்றன. அப்பிரசாரத்தில் ஓர் எழுத்தும் மாறவேண்டியதில்லை. எரு ஊருக்கு நன்மை. ஆனால் ஊரில் ஒரு குழந்தைக்கு மட்டும் அது தீமை என்றால், அந்த வீட்டை ஒட்டிக் குழி வெட்டாமல் நூறு தப்படி தள்ளி வெட்டுவதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. எருவைக் கிளறி வண்டியில் ஏற்றும் நாளையும், களத்தில் போரடிக்கும் நாளையும் அந்த வீட்டாருக்கு முன்கூட்டிச் சொன்னால், குழந்தையை அப்புறப்படுத்திவிடுவார்கள்.

வீட்டார் கவனிக்கவேண்டியவை வருமாறு:

குழந்தையை வைக்கோற்போர் அருகிலோ, தொழுவத்திலோ, பழைய கூரையைப் பிரிக்கும் இடத்திலோ, பத்தாயத்தைச் சுத்தம் செய்யும் இடத்திலோ விடலாகாது. பழைய சுவரை இடிக்கும் புழுதியும் ஆகாது. குளம் குட்டைகளில் தேங்கிய நீரில் குளிக்கவிடலாகாது. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் சில பாக்டீரியாக்கள் இவர்களுக்குக் கொடியவை. சிறு கீறலாயினும் உடனே சோப்பு நீரால் கழுவி, கிருமிநாசினி இடவேண்டும். புண்ணின்மேல் சாணமோ மண்ணோ பச்சிலையோ வைத்துக் கட்டலாகாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், மாத்திரை கொடுத்துக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லவேண்டும். காசநோய்க்காகப் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியில் வலுவிழந்த உயிர்க் கிருமி உள்ளது. மற்றக் குழந்தைகளுக்கு அது பாதுகாப்பு, ஒருபோதும் தவிர்க்கலாகாது. சி.ஜி.டி. குழந்தைக்கு மட்டும் அக்கிருமியே பரவி, ஊசி போட்ட இடம் ஆறாத புண்ணாவதும் அக்குளில் கட்டி வீங்குவதும் உண்டு. ஆகவே ஒரு பிள்ளைக்கு இந்நோய் கண்ட குடும்பத்தில் அடுத்த குழந்தை பிறந்தால், சோதனை முடியும்வரை பி.சி.ஜி. போடாமல் நிறுத்திவைக்கும்படி பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கூறவேண்டும். போலியோ, தட்டம்மை முதலிய பிற தடுப்பூசிகளை மருத்துவர் ஆலோசனையுடன் போட்டுக்கொள்ளலாம். அவற்றை விடுவது தவறு.

நம் நாட்டில் உள்ள வசதிகள்

2021-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. ஒருமுறை சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய நோய்களின் பிரிவில் சி.ஜி.டி. பெயரிட்டுச் சேர்க்கப்பட்டுள்ளது. அக்கொள்கையின்படி, குறிப்பிட்ட உயர்சிறப்பு மையங்களின் வழியாகச் சிகிச்சை பெறுவோருக்கான நிதியுதவி 2022-இல் ரூபாய் 50 லட்சம் வரை என உயர்த்தப்பட்டது. சென்னை எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அம்மையங்களுள் ஒன்று. எலும்பு மச்சை மாற்று சிகிச்சையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1986 முதல் அனுபவம் உண்டு.

நோயைச் சந்தேகித்து அனுப்புவதற்கும் வழி உள்ளது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையும் பார்வையிட ஏற்பாடு உள்ளது. அக்குழு இந்நோயைத் தேடுவதற்கென அமைந்ததன்று. எனினும் மீண்டும் மீண்டும் சீழ்க்கட்டி வரும் பிள்ளையை அவர்களுக்குச் சுட்டிக்காட்டினால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள்.

இனி, இங்கிலாந்தைப் போலத் தனிச் செவிலியர் நமக்குக் கிடைப்பாரா என்ற கேள்வி எழும். ஆண்டுக்கு நான்கைந்து குழந்தைகளுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருவரை நியமிப்பது நடக்கக்கூடிய காரியமன்று, தேவையுமன்று. பெரிய மையத்தில் இந்நோய்களில் பயிற்சி பெற்ற ஓரிரு செவிலியர் இருந்து, தொலைபேசி வழியாக மாநிலம் முழுவதையும் கவனித்தால் போதும். ஆனால் அவருடைய கண்ணும் கையும் கிராமத்தில் இருக்கவேண்டும். அதற்கு நம்மிடம் புதிதாக ஒருவரை உண்டாக்க வேண்டியதில்லை. துணைச் சுகாதார நிலையத்துக் கிராம சுகாதார செவிலியர் ஏற்கெனவே கருவுற்ற தாய்மாரின் வீடுகளுக்குச் சென்று வருகிறார். தடுப்பூசிக் கணக்கை வைத்திருக்கிறார். ஊர்ப் பெண்கள் மனம்விட்டுப் பேசுவது அவரிடமே. மையத்துச் செவிலியரின் அறிவும் இந்தக் கிராமச் செவிலியரின் அறிமுகமும் ஒன்றுசேருமாயின், இங்கிலாந்துக் குடும்பத்துக்குக் கிடைக்கும் துணை நம் குடும்பத்துக்கும் கிடைக்கும். அவ்விருவரையும் சேர்த்துவைக்க ஒரு தொலைபேசி எண்ணும், ஒரு கடிதமும், வட்டார மருத்துவ அலுவலரின் சிரத்தையும் வேண்டும்.

ஊராட்சி செய்யக்கூடியவை

ஊராட்சி அங்கத்தினர்கள் மருத்துவராக வேண்டியதில்லை. கீழ்க்காணும் காரியங்கள் அவர்கள் அதிகாரத்துக்கும் ஆற்றலுக்கும் உட்பட்டவையே.

1. அறிகுறிகளைத் தெரிந்திருத்தல். ஆழமான சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வருதல், கழுத்து அல்லது அக்குள் கட்டிகள் வீங்கி உடைதல், கல்லீரலில் சீழ், ஒரே ஆண்டில் பலமுறை நுரையீரல் காய்ச்சல், பி.சி.ஜி. ஊசியிட்ட இடம் ஆறாமை, எடை ஏறாமை, குடும்பத்தில் முன்பு குழந்தைகள் காரணம் தெரியாமல் இறந்திருத்தல். இவற்றுள் ஒன்றிருந்தால் இந்நோய்தான் என்று முடிவு செய்யலாகாது. ஆனால் மருத்துவரிடம் அனுப்பத் தவறலாகாது.

2. போக்குவரத்து. இரவில் காய்ச்சல் கண்டால் 108 வண்டி வரும் வழியும் தடையின்றி இருக்கவேண்டும். மாதந்தோறும் சென்னை சென்றுவரும் குடும்பத்துக்கு உதவித் திட்டங்களின் விண்ணப்பங்களையும் சான்றிதழ்களையும் தாமதமின்றிக் கொடுப்பது பேருதவி. சான்றிதழ் ஒன்றுக்காக அலைந்த நாளில் குழந்தையின் மாத்திரை தீர்ந்துபோயிருக்கலாம்.

3. வீட்டுச் சூழல். வீட்டு வசதித் திட்டங்களில் அக்குடும்பம் தகுதி உடையதாயின், ஈரமும் பூசணமும் படியாத வீடு அவர்களுக்குச் சௌகரியம் மட்டுமன்று, மருந்துமாகும். அருகில் குப்பை கொட்டும் இடமோ உரக்கிடங்கோ அமையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. பள்ளி. தலைமையாசிரியரிடம் பேசி, பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிடாமல் காத்தல். கூட்டிப் பெருக்குதல், தோட்டம் கொத்துதல் ஆகியவற்றிலிருந்து மட்டும் விலக்கு அளித்தால் போதும்.

5. நாவடக்கம். நோயுள்ள வீட்டின் பெயரைக் கிராம சபையில் சொல்லலாகாது. குடும்பம் விரும்பினாலன்றி அண்டை அயலாருக்கும் சொல்லலாகாது. மூத்த பெண்ணின் கலியாணம் நின்றுபோகும் என்ற அச்சத்தால் நோயை மறைத்து, மருந்தையும் மறைத்து உண்ணும் நிலை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது.

6. பழிச்சொல்லைத் தடுத்தல். மருமகள் வந்த நேரம் என்றும், பூர்வ ஜன்ம வினை என்றும் பேசுவதை ஊர்ப் பெரியவர்கள் கண்டிக்கவேண்டும். மரபணுவை யாரும் விரும்பிச் சுமப்பதில்லை. இரண்டாம் வகையில் தந்தையின் பங்கும் தாயின் பங்கும் சமம். தாயைப் பழிக்கும் வீட்டில் அடுத்த குழந்தைக்கான சோதனையும் தள்ளிப்போகிறது. ஆகவே பழிச்சொல் மனத்தை மட்டுமன்றி உயிரையும் வருத்துகிறது.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. ஊராட்சியின் நிதியிலிருந்து ஒரு பெரிய தொகையை ஒரு வீட்டுக்கு ஒதுக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. பெருஞ்செலவான சிகிச்சைக்கு அரசாங்கத்தின் வழிகள் உள்ளன. அந்த வழிகள் தொடங்கும் இடம்வரை குடும்பத்தைக் கைபிடித்து அழைத்துச் செல்ல ஆள் வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

ஒரு குழந்தைக்காக இவ்வளவு ஏற்பாடா என்று சிலர் நினைக்கலாம். சி.ஜி.டி. ஒன்று மட்டுமே அரிய நோய் அன்று. இரத்தம் உறையாத நோய், தசை நலியும் நோய், எதிர்ப்புச் சக்திக் குறைவின் பிற வகைகள் என்று அவை பல. தனித்தனியே எண்ணினால் அரியவை. சேர்த்து எண்ணினால் ஒவ்வொரு வட்டாரத்திலும் சில வீடுகளேனும் தேறும். கிராமச் செவிலியரிடம் ஒரு தொலைபேசி எண்ணையும், ஒரு தாயிடம் ஒரு கடிதத்தையும், ஊராட்சியிடம் சிறிது கவனத்தையும் ஒரு நோய்க்காக ஏற்படுத்திவிட்டால், மற்ற நோய்களுக்கும் அதே பாதை பயன்படும். வாய்க்கால் ஒருமுறை வெட்டப்பட்டால், பாயும் வயல்கள் பின்னர் பெருகிக்கொண்டே போகும்.

ஆகவே அடுத்த கிராம சுகாதாரக் குழுக் கூட்டத்தில், மேற்கண்ட அறிகுறிகளைக் கிராம சுகாதார செவிலியர் ஒருமுறை எல்லோருக்கும் படித்துக்காட்டுமாறு ஊராட்சிகள் ஏற்பாடு செய்யலாம். எந்த வீட்டின் பெயரும் அங்கே பேசப்படவேண்டியதில்லை. கேட்டவர்களுள் ஒருவர், தம் தெருவில் அடிக்கடி கட்டி வந்து வாடும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டு, கூட்டம் கலைந்தபின் செவிலியரிடம் மெல்லச் சொன்னால், அக்கூட்டம் கூடியதன் பயன் கைகூடியதாகக் கொள்ளலாம்.